அறுநூறு சுற்று

காப்பிக்கொட்டை வறுக்கும் அந்த மின்சார மிஷினை முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்திருந்தார். சின்னக் குடம் அளவுக்கு ஓர் உருளை, அடியில் சூடேற்றும் காயில், பக்கத்தில் ஒரு மோட்டார். முன்னால் உள்ள திருகை முறுக்கிவிட்டால் தானே சுற்றி, தானே வறுத்து, மணியடித்து அணைந்துவிடும். கோயம்புத்தூர் கடையில் அப்படித்தான் செய்துகாட்டினார்களாம். அருப்புக்கோட்டைக்கு வந்தபின் மணி மட்டும்தான் ஒழுங்காக அடித்தது. கொட்டை வைக்கோல் நிறத்தில் கிடந்தது. இன்னொரு தடவை முறுக்கினால் பாதி கருகலும் பாதி பச்சையுமாக வந்தது.

காரணம் அவர் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அவருடைய விசைத்தறிக் கொட்டகை. தறிகள் ஓடும்போது வீட்டு பல்புக்குள் சிவப்பாய் ஒரு இழைதான் தெரியும். அந்தத் தறிகளில் நாலு, என் அப்பா கூலிக்கு ஓட்டியவை.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, பிழைப்பு தறி. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சான்றிதழும் வாங்கி எட்டு மாதம் சும்மா இருந்தேன். முதலாளியின் மைத்துனர் மதுரையில் ஒரு நூல் மில்லில் இன்ஜினியர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது முதலாளி சிரித்தார்.

“ஒம் மகன் கரண்டுப் படிப்புதான படிச்சிருக்கான்? அந்தக் காப்பி மிஷின ஒரு வழி பண்ணச் சொல்லு. அமாவாசையன்னைக்கு மச்சான் வாராக. அவுகளுக்கு நல்ல காப்பியக் குடுத்து, இந்தப் பயதான் செஞ்சான்னு சொல்றேன். வேல தன்னால வரும்.”

வேலை முடிந்தமாதிரியே அப்பா வீட்டுக்கு வந்தார்.

முதலில் மணியையும் திருகையும் கழற்றினேன். குறைந்த கரண்டில் மோட்டார் திணறி உருளை நின்று நின்று சுற்றியது. மோட்டாரையும் எடுத்துவிட்டு, பழைய சைக்கிளின் பெடலை அதன் இரும்புத் தண்டோடு கைப்பிடியாக மாட்டினேன். காயிலை இரண்டாகப் பிரித்து இரண்டு சுவிட்ச் வைத்தேன். சூடு வேண்டுமானால் இரண்டும், போதுமென்றால் ஒன்று. உள்ளே நிறம் பார்க்க, உடைந்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து மைக்காத் துண்டு எடுத்து ஒரு சன்னல் பொருத்தினேன்.

முதலாளியின் மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். “ஏந்தம்பி, தானாச் சுத்துனத நாம சுத்துற மாதிரி பண்ணி வச்சிருக்கியே. இதுக்கா ரெண்டு வருசம் படிச்சே?”

ஆனால் கொட்டை சீராக வந்தது. அன்று அவர் இரண்டாவது தம்ளரும் குடித்ததைப் பார்த்தேன்.

ஒரு குறை இருந்தது. மூன்று ஈடு வறுத்ததும் புகையெண்ணெய் படிந்து மைக்கா பழுப்பாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் வறுபட்டதாகத் தெரிந்தது. அதனால் எண்ண ஆரம்பித்தேன். இரண்டு சுவிட்சும் போட்டு அறுநூறு சுற்று. நாலு நாள் தொடர்ந்து சரியாக வந்தது. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மோப்பம் பிடித்து வறுப்பது படிக்காதவர்கள் வேலை என்று எனக்கு ஒரு எண்ணம்.

அமாவாசையன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அப்பாவும் வந்து சுவரோரமாக நின்றார். இன்ஜினியர் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானூறு தாண்டியிருக்கும். அப்பா மெல்லப் பக்கத்தில் வந்து, “கருகுதுடா, நிறுத்திரு” என்றார். தெலுங்கில் சொன்னார். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்றுதான்.

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன்: “இது ஒங்களுக்குத் தெரியாதுப்பா. பேசாம நில்லுங்க. இன்னும் எரநூறு சுத்து இருக்கு.”

அவர் சுவரோரத்துக்கே போய்விட்டார்.

இன்ஜினியர் துண்டால் மூக்கைப் பொத்தினார். நான் அறுநூறையும் சுற்றி முடித்துத்தான் திறந்தேன். கரி. சில கொட்டைகளில் கங்கு மினுங்கியது. அடுக்களை பல்பு வெள்ளையாகப் பளிச்சென்று எரிவதை அப்போதுதான் பார்த்தேன். கொட்டகையில் சத்தமே இல்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கரண்டு முழுசாக வரும். தறிக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

“பழைய மிஷினுக்கு மணியாவது இருந்துச்சு மாப்ள” என்றார் இன்ஜினியர். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

முதலாளியின் மனைவி அப்பாவைப் பார்த்தார். “நீ அப்பவே என்னமோ சொன்னியே, கருகுதுன்னுதான?”

“இல்லம்மா. சும்மா... வீட்டு விசயம்.”

“எனக்கா தெரியாது? நீயே ஒரு ஈடு வறு, பாப்போம்.”

அப்பா வறுத்தார். மைக்காவைப் பார்க்கவே இல்லை. கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டதும் ஒரு சுவிட்சை அணைத்தார், கொஞ்ச நேரத்தில் அடுத்ததை. இன்ஜினியர் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, மிச்சக் கொட்டையைப் பொட்டலம் கட்டி மதுரைக்கு எடுத்துப்போனார். வேலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது முதலாளி சொன்னார்: “இனி அமாவாசைக்கு அமாவாசை வந்து மாசத்துக்கு வேண்டியத வறுத்துக் குடுத்திருப்பா. அன்னைக்கு ஒனக்குத் தறி கெடையாதுல்ல.”

“சரிங்க மொதலாளி.”

மாதத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே நாள் அது. காலையில் பஸ்ஸேறித் திருச்சுழி போய், செத்துப்போன தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து, சாயங்காலம் வரை தூங்குவார். இப்போது திருச்சுழியும் இல்லை, தூக்கமும் இல்லை. இது நடந்து மூன்று வருடமாகிறது. நான் விருதுநகரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் இருக்கிறேன். அப்பா அந்தச் சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நான் பேசியதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

போன அமாவாசைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அவர் சட்டையை மாட்டும்போது, “நீங்க படுங்கப்பா, இன்னைக்கு நான் போறேன்” என்றேன்.

பொத்தானைப் போட்டுக்கொண்டே தெலுங்கில் சொன்னார்: “வேணாம். நீ எண்ணுவே.”