ஏர்போர்ட் விளையாட்டு

துபாய் விமான நிலையத்தில் இப்போது முகத்தைக் காட்டினால் போதும், கதவு திறந்துகொள்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் சத்தமே கேட்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எட்டு வயதில் நானும் ஓர் அதிகாரியாக இருந்தவள்.

அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட்டில் அக்கா ஒருத்தி வேலைக்கு இருந்தாள். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஊரில் அவளுக்கு என் வயதில் ஒரு மகள். எனக்குத் தலை பின்னும்போதெல்லாம், "அவளுக்கு உங்களவிட முடி நீளம் பாப்பா" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டு வருடம் முடிந்ததும் லீவு என்று பேச்சு. முடிந்தபோது உம்மா வயிற்றில் தம்பி இருந்தான். "புள்ள பொறக்கட்டும்" என்றாள் உம்மா. பிறந்தான். "குப்புற விழட்டும்" என்றாள். குப்புறவும் விழுந்தான். பிறகு நோன்பு வந்தது. உம்மா கெட்டவள் இல்லை. ஏதாவதொரு நியாயமான காரணம் அவளுக்குத் தானாகவே கிடைத்துவிடும். அக்காவின் பாஸ்போர்ட் வாப்பாவின் மேசை டிராயரில், எங்களுடையவற்றோடு ஒரே ரப்பர் பேண்டில் கிடந்தது. ஊரில் மகளோ, அம்மா போன் செய்தால் வந்து பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த நாட்களில் அக்கா துணி தேய்க்கும்போது எனக்கு ஒரு கதை சொல்வாள். கீழ்வீட்டில் வேலை பார்த்தவளின் பாஸ்போர்ட், முதலாளியின் பேண்ட் பையில் இருந்தபடி வாஷிங் மெஷினில் போய்விட்டதாம். புதிது எடுக்க அவளையே நேரில் இலங்கைக் கான்சலேட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்றாம். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். உம்மா தம்பியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். இஸ்திரி மேசைதான் கவுன்டர்; வாப்பாவின் கடை சீல்தான் முத்திரை. கிழித்த நோட்டுத் தாளை பாஸ்போர்ட் என்று வைத்துக்கொண்டு ஏர்போர்ட் விளையாடுவது எங்கள் வழக்கம்.

"தாள்ல குத்துனா நெசம் மாதிரியா இருக்கு பாப்பா?" என்றாள் அக்கா.

நான் ஓடிப்போய் டிராயரிலிருந்து அவளுடைய நிஜ பாஸ்போர்ட்டையே எடுத்துவந்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அதிகாரியான நான் பொறுமையிழந்தேன்.

"எங்கே போறே?"

"ஊருக்கு சார்."

"ஏன்?"

"மகளப் பாக்க சார்."

அக்கா பக்கத்தை விரித்து வைத்தாள். "இங்கன குத்துங்க. நல்லா அழுத்தி." ஊதா வட்டம் அவள் படத்தின் மேலேயே, முகத்தை மறைத்துக்கொண்டு விழுந்தது.

அன்று உம்மாவிடம் வாங்கிய அடி இப்போதும் நினைவிருக்கிறது. "புள்ளைக்கு என்ன தெரியும் மேடம், என்னையத் திட்டுங்க" என்று அக்காதான் குறுக்கே வந்து நின்றாள். அடுத்த வாரம் வாப்பா அவளைக் கான்சலேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர்கள் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்களாம். பிறகு வாப்பாவைக் கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்டார்களாம். புதிய பாஸ்போர்ட்டை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அது டிராயருக்குத் திரும்பவில்லை. பத்தே நாளில் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

"ஒன்னாலதான் போனா" என்று உம்மா பல வருடம் சொல்லிக்காட்டினாள். நானும் அதை நம்பி அழுதிருக்கிறேன். என் அசட்டு விளையாட்டால் அக்காவுக்கு அலைச்சல், வீட்டுக்கு நஷ்டம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். சட்டைக் காலரில் ஒரு சுருக்கத்தைக்கூட விடாத கை, பக்கத்தைத் தவறிப்போய் விரித்திருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று நான் முத்திரையை எடுத்ததும் அக்கா பாஸ்போர்ட்டை மூடவில்லை. மை கலையாமல் காயும்வரை குனிந்து மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள். விளையாட்டு அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.