பயிற்சி பெற்ற காவலாளி

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மேனேஜராக இருந்தேன். காவலுக்கு ஏஜென்சியிலிருந்து ஆள் எடுக்க முதலாளிக்கு மனமில்லை. ஏஜென்சிக்காரன் சட்டம் பேசுவான் என்பார். மூட்டை தூக்க வந்தவர்களில் உயரமான நான்கு பேருக்கு நீலச்சட்டையும் தொப்பியும் மாட்டிவிட்டார். அதுதான் எங்கள் பாதுகாப்புத் துறை.

அவர்களில் ஒருவர் பேரையூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மழை ஏமாற்றிய வருஷத்தில் மானாவாரிக் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு வந்தவர்.

சொந்தமாகக் காவலாட்கள் வைத்திருப்பவர்களும் முறையாகப் பயிற்சி கொடுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று ஒருநாள் அரசாங்கக் கடிதம் வந்தது. முதலாளியிடம் காட்டினேன்.

"காயிதம்தானய்யா கேக்குறாக. அடிச்சுக் குடுத்துருங்க."

அடித்தேன். கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், முதலுதவி, தீயணைப்பு என்று நான்கு பேரும் எல்லாவற்றிலும் தேறிவிட்டார்கள். பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வீட்டில் பால் பொங்கினாலே பதறுகிறவன் நான். சோதனைக்கு வந்த அதிகாரி ஏசி அறையில் காபி குடித்தார். ஒரு காவலாளியைக்கூடக் கூப்பிட்டுப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டுப் போனார்.

ஆடித் தள்ளுபடி நேரம். ஒரு மதியம் பேக்கிங் அறையில் மின்கசிவால் அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டன. பேரையூர்க்காரர் சுவரில் தொங்கிய தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முதலில் அதன் ஊசியை உருவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பிடியை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு, எரிந்துகொண்டிருந்த பெட்டிகளைக் கையாலேயே இழுத்து வெளியே எறிந்து வழி உண்டாக்கினார். உள்ளே சிக்கியிருந்த மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். அறையிலிருந்த சரக்கு கருகியது. அவருடைய உள்ளங்கைகள் வெந்துபோயின.

மறுவாரம் விசாரணைக்கு அதே அதிகாரி வந்தார். கோப்பைப் புரட்டினார்.

"தீயணைப்புப் பயிற்சி எடுத்த ஆளு. சிலிண்டர இயக்கல. கவனக்குறைவுதான்."

"அம்புட்டுச் சொல்லிக் குடுத்தும் இப்பிடிப் பண்ணிட்டாரே சார்" என்று முதலாளி வருத்தப்பட்டார். முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

கட்டுப் போட்ட கைகளோடு நின்றவர் என்னைப் பார்த்தார். "நான் எப்ப சார் பயிற்சிக்குப் போனேன்?"

"அது நான் பொய்யா அடிச்சது" என்றேன் அதிகாரியிடம்.

அவர் பேனாவை மூடினார். "எழுத்துல குடுத்தா மொதல்ல ஒங்க மேலதான் கேஸ் வரும் சார். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். அதுதான் என் யோக்கியதை. நான் யோசித்து முடிப்பதற்குள் பேரையூர்க்காரரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு வீரமாக எழுதிக் கொடுத்தேன். முதலாளி என்னையும் அனுப்பினார். கேஸ் எதுவும் வரவில்லை. அந்தக் கடிதத்தை யாரும் பிரித்துப் படித்ததாகவே தெரியவில்லை.

சில மாதம் கழித்துப் பேரையூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்ததையும் என் வேலை போனதையும் சொன்னேன். தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"அன்னைக்கே எழுதியிருந்தீகன்னா ஒதவியிருக்கும் சார்" என்றார்.

உசிலம்பட்டி பஸ் வந்தது. விரல்கள் சரியாக மடங்காததால் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.