கட்டண விலக்கு கேட்டு வந்தவரின் ஷூ

உதவித்தொகைக் குழுவில் எனக்குக் கொடுத்த வேலை, ஏழைகளைப் பார்த்ததும் கண்டுபிடிப்பது. எங்கள் தனியார் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைப்பது கடினம். கிடைத்தபின் கட்டணம் கட்டுவது அதைவிடக் கடினம். விலக்கு சிலருக்குத்தான். தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழ் போதாதென்று, பெற்றோரை நேரில் பார்த்துத் 'தோற்றம்' என்ற கட்டத்தில் நான் ஒரு வரி எழுத வேண்டும். நாலு நாவல் படித்தவனுக்கு மனிதர்களை எடைபோடத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் வேலூருக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆம்பூரிலிருந்து ஏசுதாஸ் என்ற ஷூ கம்பெனித் தொழிலாளி மகள் ஸ்டெல்லாவோடு வந்தார். மகள் நல்ல ரேங்க். அப்பா காலில் பளபளவென்று வெளிநாட்டு ஷூ. 'வசதியானவர்' என்று எழுதினேன். விண்ணப்பம் தள்ளுபடி. திங்கட்கிழமைக்குள் முழுக் கட்டணம் கட்டாவிட்டால் சீட் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஏசுதாஸ் என் மேசைக்கு வந்தார்.

“எதுக்கு சார் ரிஜெக்ட் ஆச்சு?”

மென்று விழுங்கி, ஷூவைச் சொன்னேன். அவர் ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சார். இந்தத் தையல் பாருங்க, ஒரு நூல் வெலகிருக்கு. கப்பல்ல ஏத்த மாட்டாங்க. எங்களுக்குக் கம்மியா குடுத்துடுவாங்க. ஆம்பூர்ல கொத்தனார்கூட இதான் போட்னு இருப்பாரு.” என் காலைப் பார்த்தார். “உங்குளுது ரெக்ஸின். இன்னா வெல சொன்னான்?”

அந்த ஷூவுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி என்பதை நான் சொல்லவில்லை.

“நான் செக்கிங்ல இருக்கேன் சார். ஒரு ஜோடிய ரிஜெக்ட் பண்ணா, இன்னா டிஃபெக்ட்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். எம் பொண்ணுக்கு நீங்க இன்னா டிஃபெக்ட் எழுதினீங்க?”

குழுத் தலைவரிடம் போனேன்.

“முடிஞ்ச ஃபைலை எப்படிய்யா திறக்கிறது?”

“தப்பு என்னுதுன்னு எழுதித் தர்றேன் சார்.”

“அதுக்கு நம்ம ஆபீஸ்ல ஃபார்ம் கிடையாதே.”

வெள்ளைத்தாளில் எழுதினேன்: 'தகப்பனாரின் ஷூவைப் பார்த்து மகளை நிராகரித்தேன்.' அதை ஃபைலில் வைக்கக் கூசியே தலைவர் விலக்கு கொடுத்தார். ஸ்டெல்லா சேர்ந்தாள்.

நாங்கள் ஷூவைப் பார்க்கிற விஷயம் பரவிவிட்டது. மறு வருடம் தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவர் அறுந்த செருப்போடு வந்தார். வெளியே காரில் அவருடைய டிரைவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரை நிராகரிக்கும் காரணத்தை, அவர் எதிரிலேயே வாசிக்கும்படி முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். பாதிப் பேர் விஷயத்தில் உங்களுக்கு எழுதக் கை வராது.