நெகட்டிவில் கறுத்திருந்த கண்

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ரேடியோ நின்றுபோனால் ரிப்பேருக்குக் கொடுப்பதற்குள் நான் ஒருமுறை திறந்து பார்த்திருப்பேன். டவுன் பஸ் கண்டக்டரான என் கணவருக்கு இந்தக் குணம் அறவே ஆகாது. எண்பதுகளில் நாங்கள் நல்லம்பள்ளியில் குடியிருந்தபோது இதற்காக எங்களுக்குள் நித்தம் ஒரு சண்டை.

ஞானத்தந்தைக்கு லீவு கிடைக்காமல் தள்ளிப்போய், ஏழாம் மாதத்தில்தான் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். கோவிலிலிருந்து நேராகத் தருமபுரி ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுப்பது எங்கள் சொந்தத்தில் வழக்கம். படம் அழகாகவே வந்தது. கூடவே உறையில் இருந்த நெகட்டிவைச் சும்மா இருக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை கவுன் கறுப்பாக இருந்தது, கறுத்த முடி வெளுத்திருந்தது. இடது கண்ணின் பாப்பாவும் அதே கணக்கில் வெளுத்திருந்தது. வலது மட்டும் கறுப்பு. அப்படியென்றால் நிஜத்தில் அது வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? கையில் இருந்த படத்தில் இரண்டு கண்ணும் கறுகறுவென்றுதானே இருக்கிறது?

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டேன்.

"ஃப்ளாஷ் பட்டு அந்தக் கண்ணு மட்டும் வெள்ளையடிச்சிருச்சுங்க. கொழந்த படமாச்சேன்னு பிரிண்ட்ல மட்டும் மை தொட்டு சரி பண்ணிக் குடுத்தேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் அம்மைத் தழும்பையே மறைத்துத் தருகிறவர்கள். அவர் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை.

"ஒரு படம்தான் எடுத்தீங்களா?"

"இல்லீங்க, தலையத் திருப்பித் திருப்பி நாலஞ்சு எடுத்தேன். எல்லாத்துலயும் அதே கண்ணுதான்."

வெளிச்சத்தின் கோளாறு என்றால் இடம் மாறியிருக்கும். வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டுக் கிலுகிலுப்பையை ஆட்டினேன். வலது கண்ணைக் கையால் பொத்தியபோது சிரித்துக்கொண்டே இருந்தாள். இடதைப் பொத்தியதும் சிணுங்கி என் கையைத் தள்ளினாள். மறுபடி செய்தேன். மறுபடியும் தள்ளினாள்.

தருமபுரி கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடனே பெங்களூருக்குப் போகச் சொன்னார். அங்கே குழந்தைக்கு மயக்கம் கொடுத்துக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா கலர் பென்சிலால் கண்ணை வரைந்து காட்டினார். கன்னடம் கலந்த தமிழில், "இது கேன்சர் அம்மா. பின்னாடி நரம்பு வழியா மூளைக்குப் போயிட்டா கஷ்டம். அதுக்கு முந்தி கண்ணை எடுத்தா மகு... குழந்தை பிழைக்கும்" என்றார்.

பால்குடிக் குழந்தைக்குக் கேன்சரா என்று கேட்டேன். கண்ணுக்குள் இருக்கும் திரை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில்தான் இது வருமாம். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருமாம். அதனால் எங்கள் கண்களுக்கும் மருந்து விட்டுப் பார்த்தார்கள். அழுதுகொண்டேதான் அத்தனையும் கேட்டேன்.

என் கணவர் எதையும் கேட்கவில்லை. வராண்டாவுக்கு வந்ததும் வெடித்தார். "நல்லாருக்கற கண்ணத் தோண்டி எடுக்கறதா? நீ கிளறாம இருந்திருந்தா எம்பொண்ணு பாட்டுக்கு வூட்ல வெளையாடிட்டு இருக்கும்."

நான் குழந்தையை அவர் கையில் கொடுத்து, "நீங்களே பொத்திப் பாருங்க" என்றேன். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தார். பிறகு போய்க் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எடுத்த கண்ணோடு நரம்பையும் நீளமாக வெட்டியிருந்தார்கள். அதன் நுனியில் நோய் இருந்தால் மூளைப் பக்கமும் போயிருக்கும் என்று அர்த்தம். முடிவு தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொன்ன நாளில் பெங்களூர் போனோம். "நுனி சுத்தமா இருக்கு. இன்னொரு கண்ணும் நல்லா இருக்கு. ஆனா வளர்ற வரைக்கும் கூட்டிட்டு வந்து காட்டிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் என் கணவர் முதல் தடவையாக டாக்டரம்மாவிடம் வாய் திறந்தார். "எடுத்த கண்ண நான் பாக்கணுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சோதனைக்காகப் பாதியாக அறுத்து மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த கண்ணைப் பாட்டிலோடு கொண்டுவந்தார்கள். உள்ளே சுண்ணாம்புக் கட்டிபோல ஒன்று முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. என் கணவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"இத்த உள்ள வெச்சிக்கிட்டா எம்பொண்ணு இத்தன நாளும் சிரிச்சிட்டு இருந்துச்சு?" என்றார்.