மாமன் கொண்டுவந்த கரண்டுச் சீர்

புது பிளாஸ்டிக்கின் வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. மூடி வைத்த பெட்டியைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறி, சின்னச் சின்ன பல்புகள் சூடாகச் சூடாகக் கொஞ்சம் இனிப்பாக மாறுகிற அந்த வாசனை எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தரம்தான் வந்தது. வந்த பிறகு பல வருஷம் போகாமல் கிடந்தது.

ராஜபாளையம் கடைத்தெருவில் பேன்சி ஸ்டோர் வாசலில் சரம் சரமாகத் தொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொம்பளைப் பிள்ளைகள் சிங்காரித்து விளையாடுகிற பேட்டரிச் சாமான்கள். மூடியைத் திறந்தால் பாட்டுப் பாடும் கண்ணாடி, உர்ரென்று காற்று ஊதித் தலை உலர்த்துகிற சாமான், பொத்தானை அமுக்கினால் நிறம் மாறுகிற கிரீடம், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ. மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைகள் கேட்டு அழுகின்றன, பெற்றவர்களும் வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் அது கிடைத்தது, இனிமேல் விளையாடக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் கூடி முடிவு கட்டிய பிறகு.

அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முட்டுச் சந்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பருத்தி ஜின்னிங் பாக்டரியில் வேலை. சந்தின் முனை வரைக்கும் கரண்டுக் கம்பம் வந்திருந்தது, உள்ளே வரவில்லை. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டேன். அதன் பிறகு வீட்டு வேலை போக மிச்சப் பொழுதெல்லாம் சந்துப் பிள்ளைகளோடு பாண்டியும் தட்டாங்கல்லும்தான். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். ஆட்டத்தில் பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு ஆட்டம் பிடித்திருந்தது. ஒரு நாள் காலையில் பாண்டிச் சில்லை என் கையிலிருந்து வாங்கி அம்மா வெளியே எறிந்தாள். அம்புட்டுதான், முடிந்தது. முற்றத்து மூலையில் பச்சை ஓலையால் "குச்சில்" கட்டி என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். வயதுக்கு வந்த பிள்ளை சடங்கு வரைக்கும் தனியாக இருக்கிற ஓலைத் தடுப்புக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சந்தில் பிள்ளைகள் பாண்டி ஆடுகிற சத்தம் ஓலை இடுக்கு வழியே கேட்கும். "இனிமே தெருவுல குதிக்கிற சோலி வச்சுக்கிட்டே, காலை ஒடிச்சிருவேன்" என்று அம்மா சொல்வாள். சொல்லிக்கொண்டே உளுந்தங்களியில் நல்லெண்ணெயைக் கூட ஒரு கரண்டி ஊற்றுவாள்.

அந்தக் குச்சிலை மாமன்தான் கட்ட வேண்டும். அம்மாவின் தம்பி அவர், ஒரே தம்பி. சேத்தூரில் அம்மாவின் தாய் தகப்பன் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் அந்த மாமன் ஒருத்தர்தான். அவரோ பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ இருந்தார். அதனால் அப்பாவே ஓலை வெட்டிக் கட்டினார். அப்பாவின் தங்கச்சி, ராஜபாளையத்து அத்தை, வந்தவுடன் அதைத்தான் முதலில் பார்த்தாள். அத்தை வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. அவர்கள் இருக்கிற, மில் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் சுவிச்சைத் தட்டினால் லைட் எரியும் என்பதை எந்தப் பேச்சுக்கு நடுவிலும் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள்.

"ஏன் மதினி, குச்சில் கட்டத்தான் ஆள் இல்ல. சீராவது வருமா, இல்ல அதுக்கும் எங்க அண்ணன்தான் ஓடணுமா?"

"வருவான். லீவு கேட்டிருக்கான்" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

மாமாவின் லீவுக்காகச் சடங்கு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் சீர்த்தட்டோடு வந்து நின்றால்தான் அத்தைக்கு எதிரே அம்மா தலை நிமிர முடியும் என்பது குச்சிலுக்குள் இருந்த எனக்கே தெரிந்தது.

சடங்கன்று காலையில் வந்துவிட்டார். காக்கிச் சட்டை, பளபளவென்று பூட்ஸ், தோளில் பச்சைத் துணி மூட்டை. சேத்தூரிலிருந்து உறவுப் பெண்கள் தட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். தேங்காய், பழம், மஞ்சள் கிழங்கு, கண்ணாடி வளையல், அரக்கு நிறச் சேலை, பால்கோவா. எல்லாவற்றோடும் வர்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. அதை மட்டும் மாமா யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கி வந்து, சபையில் தட்டுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி வைத்தார்.

"இது என்னய்யா, ரேடியோவா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ரேடியோ என்ன ரேடியோ! பம்பாய்ல வாங்குனது, சீமைச் சாமான். சினிமாக்காரிக சிங்காரிக்கிறதுக்கு வச்சிருப்பாளுகளே, கண்ணாடியைச் சுத்தி லைட்டு எரியுமே, அது. என் மருமகளுக்கு வேற யாரு கொண்டாருவா?"

அக்கா மகளை மருமகள் என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். மாமன் சீரைச் சபையில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதும் வழக்கம். அத்தைதான் பிரித்தாள். அட்டைப்பெட்டி மேல் உயரக் கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி படம், உள்ளே ரோஸ் நிறப் பெட்டி. அதைத் திறந்ததும் அந்த வாசனையோடு, கண்ணாடியைச் சுற்றிப் பட்டாணி பட்டாணியாகப் பல்புகள் எரிந்தன. கூட்டம் ஆவென்றது. மாமாவின் மீசை கொஞ்சம் மேலே ஏறியது. அதன் பிறகு அத்தை சாமான்களை வெளியே எடுத்தாள். சீப்பு ஒரு விரல் நீளம்தான் இருந்தது. சென்ட்டுப் பாட்டிலுக்குத் துவாரமே இல்லை. உதட்டுச் சாயத்தைத் திருகிப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள்; ஒரு நிறமும் ஒட்டவில்லை, அது வெறும் சிவப்புப் பிளாஸ்டிக். தலைக்குக் காற்று ஊதுகிற சாமானை அமுக்கினாள். அது பெரிதாகக் கத்திவிட்டு ஈ பறந்த மாதிரி கொஞ்சம் காற்று விட்டது. கடைக்காரனே பேட்டரி போட்டு ஒட்டிக் கொடுத்திருப்பான், பெட்டியைப் பிரிக்க விட்டிருக்க மாட்டான், மேலே இருந்த படத்தை நம்பி மாமா வாங்கி வந்துவிட்டார்.

"அடி ஆத்தே!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்தாள். "பெரிய மனுசியான புள்ளைக்குப் பட்டாளத்தாரு சொப்புச் சாமான் வாங்கியாந்திருக்காரு! கூட ஒரு கிலுகிலுப்பையும் வச்சிருக்கலாம்ல?"

"தொட்டிலும் கெடக்கான்னு மூட்டையில பாருங்கட்டி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சபையே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நிற்கவும் இல்லை. அத்தை பெட்டியை மூடித் தன் அஞ்சு வயசு மகளின் மடியில் வைத்தாள். "சடங்கான புள்ளைக்கு வெளாட்டுச் சாமான் ஆகாது. என் சின்னக்குட்டி வச்சு வெளாடட்டும்."

தட்டுகளுக்கு நடுவில் பெட்டி இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. மாமா எழுந்து வாசலுக்குப் போனார்.

என்னைத் தண்ணீர் ஊற்றி உள் அறைக்குக் கூட்டிப் போனார்கள். ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் சிம்னி விளக்கு வேண்டும். அத்தைதான் சிங்காரிக்க உட்கார்ந்தாள், அது அவளுக்குள்ள உரிமை. மாமன் சேலையைக் கட்டி, சடை பின்னி, பூ வைத்தாகிவிட்டது. மை தீட்டுகிற நேரத்தில் விளக்குப் புகை ஏறி என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஆடாம இருட்டி, மை கன்னத்துக்கு வழியுது" என்று அத்தை கோபித்தாள். கதவு வழியே எனக்கு வாசல் தெரிந்தது. மாமா படியில் உட்கார்ந்து குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலுக்கு மாட்டிக் கயிறும் கட்டியாகிவிட்டது. அம்மா பக்கத்தில் நின்று "தம்பி, தம்பி" என்கிறாள். மாமன் மாலை போடாமல் போய்விட்டால் சடங்கு அரைகுறை. அது கூடப் பரவாயில்லை. அப்படிச் சபையில் அவமானப்பட்டுப் போன தம்பி மறுபடி இந்த வாசலை மிதிப்பது எந்த வருஷமோ. சேத்தூருக்குப் பஸ் ஏற அம்மாவுக்கு ஒரு வீடு இருக்காது.

அறை மூலையில் சின்னக்குட்டி பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். திறக்கிறபோதெல்லாம் சுவரில் வெளிச்சம் வந்து போனது. எனக்கும் அதன் மேல் ஆசைதான். சபையில் அது திறந்த நிமிஷத்திலிருந்து என் கண் அதை விட்டு வரவில்லை. ஆசையும் பயமும் சேர்ந்துதான் என் வாயைத் திறக்க வைத்திருக்க வேண்டும்.

"அத்தை, அந்த வெளிச்சத்தை இங்கிட்டு வைக்கச் சொல்லுங்க. பொகை கண்ணைக் கரிக்குது."

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏட்டி, ஒனக்குப் பேச வருமா? எங்கண்ணன் ஊமையைப் பெத்து வச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அத்தை. ஆனால் புகை அவளுக்கும்தான் கரித்தது. மகளிடமிருந்து பெட்டியை வாங்கி என் முன்னால் திறந்து வைத்து, சிம்னியை ஊதி அணைத்தாள்.

வெளிச்சம் நாலு பக்கமிருந்தும் முகத்தில் விழுந்தது. அத்தை மை தீட்டினாள், இந்தத் தரம் வழியவில்லை. நெற்றியில் பொட்டை வைத்து, கண்ணாடியில் பார்த்து, ஒரு நெல்லளவு நகர்த்தி வைத்தாள். அந்த விரல் நீளச் சீப்பையே எடுத்து என் நெற்றியோரத்துப் பூனைமுடியைப் படிய வைத்தாள். அதற்கு அதுதான் தோதாக இருந்தது. என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தரம். புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சடங்கான புள்ளை கண்ணாடி பாத்து நின்னா என்ன? ஒங்க ஊருக் கோயில்லயே சாமி மாலையைச் சூடிப் பொண்ணு மொகம் பாத்த கெணறுன்னு ஒண்ணைக் காட்டத்தானே செய்யிதாவ" என்று சேத்தூர்ப் பெண் ஒருத்தி சன்னமாகச் சொன்னாள்.

அத்தை பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கெட்டவள் இல்லை. சிரிப்புப் பேச்சு ஒன்று வாயில் வந்துவிட்டால் அது யாரை வாழ வைக்கும், யாரைக் குத்தும் என்று பார்க்க மாட்டாள், அவ்வளவுதான். இருந்த இடத்திலிருந்தே வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ பட்டாளத்தாரே! பூட்ஸைக் கழட்டும்! சந்து முனையில கம்பம் நட்டு எம்புட்டு நாளாச்சு, கெவுருமெண்டாலயே இந்த வீட்டுக்குக் கரண்டு விட முடியல. நீரு மருமகளுக்குக் கரண்டையே சீராக் கொண்டாந்துட்டீரே! வந்து பாரும்!"

மறுபடியும் சபை சிரித்தது. இந்தத் தரம் அம்மாவும் சிரித்தாள். மாமா ஒற்றைக் கால் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, சினிமாக்காரிக வச்சிருக்கிறதுன்னு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். பெண்கள் குலவை போட, மாமா எனக்கு மாலை போட்டார். பெட்டி மறுபடி தட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து எங்கள் சந்தில் அதற்கு "கரண்டுச் சீர்" என்றே பெயர்.

சீர் என்று ஆகிவிட்டதால் அது விளையாட்டுச் சாமான் இல்லை, அதனால் அதைத் தொடாதே என்று என்னிடம் யாரும் சொல்ல முடியவில்லை. இது எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. தெருவில் இறங்கக் கூடாது, பாண்டி கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஆனால் மத்தியானத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாமன் சீரை எடுத்துத் துடைக்கலாம். என்னைப் போல வீட்டோடு அடைந்து கிடந்த பெரிய பிள்ளைகள் "சீர் பாக்க வாரோம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கதவைச் சாத்தியதும் ஒருத்தி சினிமாக்காரி, ஒருத்தி சாயம் பூசுகிறவள், ஒருத்தி படம் பிடிக்கிறவள். ஒட்டாத சாயத்தை உதட்டில் தேய்த்து "சேப்பா இருக்காட்டி?" என்று கேட்டால் "ரத்தச் சேப்பு" என்று சொல்ல வேண்டும். தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமைகளில் காற்றுச் சாமானை ஈரத்தலையில் முறைவைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், ஒரு முடி காய்ந்ததில்லை.

"உள்ள என்னட்டி சத்தம்?" என்று அம்மா கேட்பாள்.

"சீரைத் தொடைக்கோம்மா."

"தொடைங்க, தொடைங்க. நல்லாத் தொடைங்க."

அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்ன. பேட்டரிக் "கட்டை" தீர்ந்துபோனால் ஓட்டுக் கூரையில் வெயிலில் காய வைப்போம், ஒரு பொழுதுக்கு அதற்கு உயிர் வரும். மாமா லீவில் வரும்போதெல்லாம் கேட்காமலே புதுக் கட்டை கொண்டுவருவார்.

பொறவு அதே அத்தையின் மூத்த மகனைக் கட்டிக்கொண்டு நான் ராஜபாளையத்துக்குப் போனேன். தகரப் பெட்டியில் கரண்டுச் சீரும் கூட வந்தது. "என் மருமக சடங்குக்கு வந்தது, இந்த மாதிரிச் சீரு இந்தப் பக்கத்துலயே கெடையாது" என்று அத்தை லைன் வீட்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுத் திறந்து காட்டினாள். சின்னக்குட்டியும் ஆசை தீர வைத்து விளையாடினாள். காற்றுச் சாமான் நின்று, பல்பு ஒவ்வொன்றாகப் போய், கீல் விட்டு, ஏதோ ஒரு வெள்ளையடிப்பில் பெட்டி காணாமல் போனது.

மாமா ரிட்டையராகிச் சேத்தூரோடு வந்துவிட்ட பிறகு ஒரு தரம் தைரியமாகக் கேட்டேன். "ஏன் மாமா, அது வெளாட்டுச் சாமான்னு வாங்கும்போது தெரியலையா?"

"வெளாட்டுச் சாமான்னு எவன் சொன்னான்? லைட்டு எரிஞ்சுதா இல்லையா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். கடைசி வரைக்கும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

போன தை மாதம் என் தம்பி பேத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். குச்சில் கட்டவில்லை, சபையில் சீரைப் பிரித்துக் காட்டவும் இல்லை. மதுரையிலிருந்து ஒரு பியூட்டிசியன் பெண் வந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளை கையில் அவள் மாமன் வாங்கிக் கொடுத்த செல்போன். அதற்குள் ஒரு பெண். அவளுக்குத் தலை பின்னி, சாயம் பூசி, உடுப்பு மாற்றிப் போட்டி போடுகிற விளையாட்டு.

"ஆச்சி, இவளுக்கு ஊதாவா, பச்சையா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பச்சை போடு தாயி" என்றேன். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். யாராவது வந்து அதைப் பிடுங்கி, வேறு ஒரு சின்னப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஏட்டி, மேடைக்கு நேரமாச்சு" என்று அவள் அம்மா வந்து நின்றாள்.

"இரும்மா, இந்த ஆட்டத்தை முடிச்சிட்டு வாரேன்."

இனிமேல் விளையாடக் கூடாது என்ற அந்த ஒரு சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. இப்போது அது யார் வாயிலும் இல்லை. எங்கள் காலத்துச் சமாச்சாரங்கள் எத்தனையோ போய்விட்டன என்று மற்றவர்கள் குறைப்படும்போது நானும் தலையாட்டுவேன். இது ஒன்று போனதற்கு மட்டும் எனக்கு வருத்தமே கிடையாது. பியூட்டிசியன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியும், அவள் அம்மா கதவில் சாய்ந்தபடியும், நான் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டும், அந்த ஆட்டம் முடிகிற வரைக்கும் காத்திருந்தோம்.