கிருத்திகை நாளில் பார்த்த வீடு

1. மெமோ

1944 நவம்பரில் எனக்கு வந்த மெமோ இரண்டே வரி. ‘நூல் டிப்போ ரைட்டர் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகத் தாமதமாகக் கதவு திறந்திருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் சாவி வேறு ஆளிடம் ஒப்படைக்கப்படும்.’ கீழே மானேஜரின் சுருக்கொப்பம். தேதியின் மேல் மழைத்தண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. அதனால் தேதி எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிழமை திங்கள் அல்லது வியாழன் என்பது மட்டும் நிச்சயம். நாங்கள் நூல் போட்டது அந்த இரண்டு நாள்தான்.

இன்றைக்கு வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்த காலம். நூலுக்குக் கட்டுப்பாடு. பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறி. ஆனால் கார்டுக்கு இவ்வளவு கட்டு என்று டிப்போவில் எடை போட்டுக் கொடுக்கிற நூலை வைத்துத்தான் நெய்ய முடியும். காலையில் எட்டரைக்குக் கதவு திறந்தால் மத்தியானத்துக்குள் பாவு ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் தாமதமாகப் போனால் தெருவில் பாதித் தறி அன்று சும்மா கிடக்கும். அந்தக் கதவின் சாவி என் இடுப்பில்.

“ரைட்டரு வந்துகினே கீறாரு, வந்துகினே கீறாரு, இன்னும் வந்து சேரல” என்று வரிசையில் முதல் ஆளாக நிற்கிற முனியம்மா சொல்லுவாள். நான் கதவைத் திறக்கிற வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். கூட்டம் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது.

டிப்போவுக்கு எதிரிலேயே வீடு எடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மானேஜரும் அதைத்தான் சொன்னார். அவர் சித்தூர்க்காரர். “ஏமய்யா, ஊருக்குள்ள வூடா கெடைக்கல? பத்து வூடு காலியாகீது. தினம் திருத்தணிலேருந்து இங்க வர்றது உங்களுக்கு இன்னா தலையெழுத்தா?”

தலையெழுத்து அல்ல. நானே கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு.

2. மூன்று ஊரும் இரண்டு கேள்வியும்

அந்த வருஷம் ஏப்ரலில் எனக்கு டிப்போ வேலை கிடைத்தபோது எங்கள் ஒரே மகள் ரூத் ஐந்தாம் வகுப்பு முடிக்க இருந்தாள். எங்கே குடியிருப்பது என்பதற்கு நான் இரண்டு கேள்வி வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் எப்படி? வேலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

பொதட்டூர்பேட்டையில் இரண்டாவது கேள்விக்கு வேலையே இல்லை, நடந்து போகலாம். ஆனால் பெண் பிள்ளை ஐந்துக்கு மேல் படிக்க அப்போது அங்கே வழி இல்லை. திருத்தணிக்குப் போகிற பாதி வழியில் கண்டிகை. காற்றும் தண்ணீரும் நன்றாக இருந்தன. பள்ளிக்கூடம் ஒரே வாத்தியார், ஒரே அறை. அவர் விவசாயமும் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போன அன்று கடலைக்காய் பிடுங்கப் போயிருந்தார்.

மிச்சம் திருத்தணி. அப்போது அது சித்தூர் ஜில்லா. வகுப்புகள் பெரும்பாலும் தெலுங்கில். தமிழ்ப் பிரிவு உண்டா, அதில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் சேர்க்கக் கூடாது என்று நானும் என் மனைவி கிரேஸும் நேரில் போனோம். உள்ளே போய்ப் பெரியவர்களைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று வகுப்பைக் கேட்டோம். கமலா டீச்சர் என்பவர் கரும்பலகையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், கீழ போட வேண்டியத மேல போட்டுட்டீங்க” என்றாள்.

நான் படித்த இடமாக இருந்தால் அந்தப் பெண்ணின் கை சிவந்திருக்கும். டீச்சர் பலகையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். “அட ஆமாம்! வா, நீயே வந்து போடு” என்று சாக்கட்டியை நீட்டினார்.

கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போலாம் வாங்க.”

“இன்னும் ஹெட்மாஸ்டரப் பாக்கலியே?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்தம்மா சிரிச்சாங்க பாருங்க, எனக்கு அது போதும். நீங்க போய் பஸ்ஸுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாத்துட்டு வாங்க.”

பாத்துட்டு வந்தேன். முறையாக, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு. மறுநாள் காலையில் திருத்தணியில் சொன்ன நேரத்துக்கு பஸ் கிளம்பியது. உள்ளே என்னையும் சேர்த்து ஐந்தாறு பேர். கால் நீட்டி உட்கார்ந்தேன். வழியில் எங்கும் நிற்காமல் முக்கால் மணி நேரத்துக்குள் பொதட்டூர்பேட்டை. திரும்பி வந்து, “கூட்டமே இல்ல, தாமதமே இல்ல, ராஜா மாதிரி போலாம்” என்று கிரேஸிடம் சொன்னேன். சாயங்காலமே பஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

அன்று ஊர் முழுக்க மஞ்சள் துணியும் காவடியும் மொட்டைத் தலையுமாக இருந்தது. நான் அதைப் பார்க்கத்தான் பார்த்தேன். கோயில் ஊர், தினமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாலாஜா பக்கம் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவன் நான். ஆடிக் கிருத்திகை என்று ஒன்று உண்டு என்று தெரியும். கிருத்திகை மாதாமாதம் வரும் என்பது எனக்குத் தெரியாது.

3. கரி பஸ்

ஜூன் மாதம் வேலையில் சேர்ந்த முதல் நாள், அதே பஸ்ஸின் பின்பக்கம், ஏப்ரலில் என் கண்ணில் படாத இரும்பு உருளை ஒன்று ஒரு ஆள் உயரத்துக்கு நின்று புகைந்துகொண்டிருந்தது. டிரைவர் கோவிந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இது இன்னாங்க?”

“இன்னாவா? சாரு ஊருக்குப் புதுசா? கேஸ் பிளாண்ட்டு. பெட்ரோல் ஏது? கரியப் போட்டு, நெருப்பு வெச்சு, இத்தச் சுத்தி ஊதி, கேஸ் புடிச்சாத்தான் வண்டி.”

“எப்ப புடிக்கும்?”

“அதுக்கா தோணும்போது.”

அன்றைக்கு அதற்குத் தோன்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்டிகை தாண்டி மேட்டில் வண்டி திணறியது. கண்டக்டர் காதர் பாய் படியில் நின்று, “ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க, பொம்பளைங்க குந்திகினு இருங்க” என்றார். எல்லோரும் பழக்கப்பட்டவர்கள்போல இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். தள்ளும்போது பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், “ஏப்ரல்ல ஒரு நாள் வந்தேன், பறந்துதே இந்த பஸ்ஸு?”

“என்னிக்கு?”

கிழமையையும் தேதியையும் சொன்னேன். அவர் தள்ளுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். “கிருத்திகை சார் அது! பேட்டையிலேருந்து சனத்த ஏத்திகினு வர, காலையில காலி வண்டி பறக்கும். அன்னிக்கி ஒரு நாளுக்குன்னு ஓனரு பெட்ரோல் கூப்பன எடுத்து வெச்சிருப்பாரு. அத்தப் பாத்தா வூடு எடுத்தீங்க?” முன்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கும் இது போய்ச் சேர்ந்தது. பஸ் மேடு ஏறிய பிறகும் சிரிப்பு இறங்கவில்லை. அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் எனக்குப் பெயர் ‘கிருத்திகை சார்’.

முதல் சில மாதம் எப்படியோ சமாளித்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் கரி ஈரமானது. கரி மூட்டை கிடந்த ஷெட்டின் கூரை கீற்று. அதில் வானம் தெரியும். ஈரக் கரியில் புகைதான் வந்தது, கேஸ் வரவில்லை. மெமோ வந்தது அப்போதுதான்.

அதே சமயம் ரூத் அந்த கமலா டீச்சரின் வகுப்பில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக் கீழே வைக்காமலேயே அன்றைக்கு டீச்சர் எங்கே தப்புப் போட்டார், யார் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லுவாள். அவள் கண்டுபிடித்த நாள்களில் இரண்டு முறை சொல்லுவாள். ஊர் மாறினால் அத்தோடு அவள் படிப்பு நின்றது. மாறாவிட்டால் என் வேலை நின்றது. மெமோவை அவள் முன்னால் படிக்கவில்லை. ஆனால் நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது. அன்று அவள் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

4. இஸ்திரிப்பெட்டி

யோசனை கிரேஸுடையது. என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, இந்தக் கரிய நா எங்க வெக்கிறேன்?”

“அடுப்புப் பக்கத்துல.”

“ஏன் வெக்கிறேன்?”

எனக்கு விளங்கியது. சட்டைகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினேன். கோவிந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கரி மூட்டையை ஈரம் படாமல் எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம், காலையில் நானே வந்து நெருப்பு வைத்துச் சுற்றுகிறேன், நீங்கள் வரும்போது கேஸ் தயாராக இருக்கும் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “சார், கரிய வேணா வெச்சுக்கோங்க. பிளாண்ட்டத் தொடக் கூடாது. எங்கூட்டு ஆளயே நா தொட உட்டதில்ல. வேகமா சுத்துனா சாம்பல் ஏறிக்கும், மெதுவா சுத்துனா அணஞ்சிபூடும். அது ஒரு கணக்கு. எழுதற கைக்கு அது வராது.”

“கணக்குதான? சொல்லிக் குடுங்க, வரும்.”

காதர் பாய் நடுவில் வந்தார். “அரே கோவிந்து, தினம் காலையில உன் தோள்பட்டை வலிக்குதுன்னு என் உயிர எடுக்கிறியே. படிச்சவரு, ஓசியில சுத்தறேன்றாரு. உடேன்யா.”

ஒரு நாள் பார்க்கலாம் என்று கோவிந்து ஒத்துக்கொண்டார். பக்கத்திலேயே நிற்பேன் என்று நிபந்தனை போட்டார்.

வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. அடுப்புப் பக்கத்தில் கொண்டது போக எங்கள் முன்னறை பூராவும் கரி மூட்டை. கிரேஸ் அதைத் தாண்டித்தான் காபி கொண்டுவந்தாள். அன்றைக்கு மானேஜர் நேரில் வந்து டிப்போ வாசலில் நிற்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் நெருப்பு வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

“வேகம் ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி” என்று கத்தினார் கோவிந்து. குறைத்தேன். “இப்ப செத்துப்போச்சு!” கூட்டினேன். “ஐயய்யோ!”

ரூத் வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் வாய்ப்பாடு. அன்று வகுப்பில் ஒப்பிக்க வேண்டும். ஒரே சீராக, பாட்டுபோல, நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கை தன்னையறியாமல் அவள் குரலோடு சேர்ந்துகொண்டது. ஒரு வரிக்கு ஒரு சுற்று. கோவிந்து கத்துவதை நிறுத்திவிட்டார். குனிந்து உருளையைப் பார்த்தார்.

“பாப்பா, நிறுத்தாதே. இன்னொரு வாட்டி சொல்லு.”

“இதேவா மாமா?”

“ஆங், இதேதான்.”

பஸ்ஸுக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். காதர் பாய் ஒவ்வொரு வரி முடிவிலும் விடையை மட்டும் உரக்கச் சொன்னார். பாதி தப்பு. ரூத் நிறுத்தாமலே திருத்தினாள். நான்கு முறை வாய்ப்பாடு முடிந்ததும் கோவிந்து குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டினார். நீல ஜுவாலை பிடித்து நின்றது. பயணிகள் கை தட்டினார்கள். “புடிச்சிக்கிச்சு நைனா!” என்று ரூத் குதித்தாள்.

அன்று மேட்டில் யாரும் இறங்கவில்லை. கதவைத் திறந்து, தராசை மாட்டி, முனியம்மாவின் கார்டுக்கு நூல் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

“ரைட்டரே, இது நூல் டிப்போவா, கரிக் கடையா?”

அப்போதுதான் மானேஜர் குடையோடு வந்தார். முதலில் கதவைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தை, பிறகு என்னை.

“ஏமய்யா, மூஞ்சி இன்னா இது?”

நடந்ததைச் சொன்னேன். வாய்ப்பாடு வரை சொன்னேன். அவர் குடையை மடக்கினார். “சரி. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். மூஞ்சி பாக்கற கண்ணாடி ஒண்ணு வாங்கி செவுத்துல மாட்டிக்கோங்க.”

யுத்தம் முடிந்து வண்டிகள் பெட்ரோலுக்குத் திரும்பும் வரை மழை நாள்களில் எங்கள் முன்னறையில் கரி இருந்தது. ரூத் வீட்டுப்பாடம் முழுவதையும் அந்த உருளைக்குப் பக்கத்தில்தான் ஒப்பித்தாள். பூகோளத்தில் கேஸ் சரியாகப் பிடிப்பதில்லை, கணக்குதான் நல்லது என்பது கோவிந்துவின் முடிவு. இரண்டு வருஷத்தில் அவருக்கும் பத்தொன்பது வரை வாய்ப்பாடு வந்துவிட்டது.

5. வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

ரூத் அதே பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பயிற்சி முடித்து, கணக்கு டீச்சரானாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் மெட்ராஸுக்கு வெளியே வீடு பார்க்கக் கிளம்பியபோது என் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். “ரெண்டு வாட்டி போய்ப் பாக்கப்போறோம் நைனா. ஒரு வாட்டி சும்மா நாள்ல” என்றாள். நான் வேலையில் கற்றுக்கொண்டதைச் சுருக்கிச் சொன்னால் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று கேளுங்கள். பாதையை ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். ஊருக்கு விசேஷமான நாளில் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் நான் அந்த நாளில் போகாமல் இருந்திருந்தால் அந்த வீட்டை எடுத்திருக்கவே மாட்டேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் நிச்சயமாகவில்லை. அந்தக் கிருத்திகையன்று பஸ் உண்மையிலேயே பெட்ரோலில்தான் ஓடியதா? ஓடியது என்று கோவிந்து கடைசி வரை சத்தியம் செய்தார். காதர் பாயோ, “பெட்ரோலாவது ஒண்ணாவது. ஓனரு முன் சீட்டுல குந்திகினு இருந்தாரு, அந்தப் பயத்துல ஓட்டினான்” என்றார். ஓனர் அன்று வண்டியில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. முன் சீட்டில் ஒருவர் தலைப்பாகையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.