ரொட்டவேட்டர் ஏன் பாதியில் நின்றது?

போன செவ்வாய்க்கிழமை காலை. இரண்டாவது இட்லியில் கை வைக்கும்போது போன் அடித்தது. கணேசன்.

கணேசன் என் மனைவியின் தம்பி. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, இப்போது கான்சாபுரத்தில் நாலு ஏக்கர் நிலமும் ஒரு பழைய டிராக்டருமாக இருக்கிறான்.

"அத்தான், ரொட்டவேட்டரு பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது. பின்னாடி லிஃப்ட்டு செத்துப்போச்சு."

"செத்துப்போனா பாதி வரைக்கும் எப்படி மாப்ளே ஏறும்?"

"இந்த வாத்தியார் பேச்சுதான் வேண்டாங்கேன்… வாரீகளா, இல்லையா?"

டிராக்டர் பக்கமே போகாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டிராக்டரின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. ரொட்டவேட்டர் என்பது அந்தக் கைகளில் மாட்டிய, சேற்றைக் கிண்டிக் குழம்பாக்கும் கனமான யந்திரம். சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள லீவரை இழுத்தால் கைகள் அதைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் வயலின் முனையில் வண்டியைத் திருப்ப முடியாது. வரப்பைத் தாண்ட முடியாது. கணேசன் தாண்டிப் பார்த்திருக்கிறான். வரப்பு போய்விட்டது.

அதை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். பிரச்சினை வியாழக்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கு மம்சாபுரத்திலிருந்து பதினாலு பெண்கள் நடவுக்கு வருகிறார்கள். அதற்குள் நாலு ஏக்கரும் சேறு கலக்கித் தொளி அடித்துத் தயாராக வேண்டும். அந்த நாளை விட்டால் அவர்கள் வேறு ஊர் வயல்களுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாள். நாற்றுக்கு ஏற்கனவே இருபத்தெட்டு நாள் வயசு. இன்னும் பன்னிரண்டு நாள் போனால் அது நாற்றா? மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்.

"மெக்கானிக்கைக் கேட்டியா?"

"கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தே சொல்லிட்டாரு. பம்ப் போச்சாம். வெள்ளிக்கிழமை வந்து கழட்டுறாராம்."

வண்டியைப் பார்க்காமல், தொடாமல், போனிலேயே பம்ப் போச்சு! டாக்டர்கள் போனில் மாத்திரை சொல்கிற காலத்தில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வானேன்?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு வருஷம் ஹைட்ராலிக்ஸ் நடத்தியவன் வீட்டில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்க, இவன் பம்பைக் கழற்றுவதா? ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, வத்திராயிருப்பு பஸ்ஸில் போய்க் கான்சாபுரத்தில் இறங்கியபோது மணி பத்தரை.

இந்த மாதிரி வேலையில் என் முறை ஒன்றுதான். வெளியில் இருப்பதை முதலில் பார். உள்ளே இருப்பதைக் கடைசியில் திற. பெரும்பாலோர் நேராக உள்ளே போய்விடுகிறார்கள். அங்கேதான் கௌரவம் இருக்கிறது போல.

மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வழக்கமான இடத்தில் டிராக்டர் நின்றது. கைகள் ஆடாமல் பிடிக்கும் சங்கிலிகளைப் பார்த்தேன். இறுக்கம் இல்லை. தூக்கும் தண்டுகள் இரண்டும் ஒரே நீளம். லீவர் கடைசி வரை போகிறதா? போகிறது. அதன் ஓட்டத்தைத் தடுக்கும் திருகை யாராவது நகர்த்தியிருக்கிறார்களா? இல்லை. பக்கத்திலேயே இன்னொரு லீவர் உண்டு. அது தப்பான இடத்தில் இருந்தாலும் கைகள் முழுதாக ஏறாது. அந்த ஒரு காரணத்துக்கே எத்தனையோ பம்புகளை வீணாகக் கழற்றியிருக்கிறார்கள். அதுவும் சரியான இடத்தில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்தது எண்ணெய். கைகளைக் கீழே இறக்கி, கியர் பக்கத்தில் உள்ள, எண்ணெய் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவினேன். கணேசனின் துண்டில் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவினேன். கோடு வரைக்கும் எண்ணெய்.

"நான்தான் காலையிலேயே பாத்தேன்னு சொன்னேன்ல?" என்றான் கணேசன்.

"நீ பாத்தது வேற, நான் பாக்கறது வேற."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். நானே மறக்க விரும்புகிறேன்.

கணேசன் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினான். ராணுவ ஒழுங்கு. லீவரை இழுத்தான். ரொட்டவேட்டர் எழுந்தது… எழுந்தது… கடைசி வரை எழுந்து ஜம்மென்று நின்றது!

கணேசனின் மனைவி செல்வி வாசலில் வந்து நின்றாள். "என்னண்ணே, இங்க ஒழுங்காத்தான தூக்குது? டாக்டரப் பாத்ததும் காய்ச்ச ஓடிருச்சா?"

வயலுக்கு ஓட்டிப் போனோம். லீவரை இழுத்தான். பாதியில் நின்றது. உள்ளிருந்து ஙொய்ய்ய் என்று ஒரு சத்தம் வேறு. வீட்டுக்கு வந்தோம். முழுசாகத் தூக்கியது. வயலுக்குப் போனோம். பாதி.

பிடிபட்டுவிட்டது. வயலுக்குப் போவதற்குள் வண்டி சூடாகிறது. சூடானால் எண்ணெய் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்பில் நீர்த்த எண்ணெய் நிற்காது, பின்னால் கசிந்துவிடும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருப்பதுதான். வரப்பில் நின்றபடியே இதைக் கணேசனுக்கு விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டான். "அப்ப பம்ப் போச்சு. அதத்தான மெக்கானிக்கும் சொன்னாரு?"

"அவர் பாக்காம சொன்னாரு. நான் பாத்துச் சொல்றேன்."

"ரெண்டுக்கும் வெள்ளிக்கிழமதான அத்தான்?"

இதற்கு எந்தப் பாடப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

வீட்டில் செல்வி சாப்பாட்டு இலையைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ராக்கம்மா மதினி போன் பண்ணாக. நாலு மணிக்குள்ள உண்டா இல்லையான்னு சொல்லணுமாம். இல்லன்னா அவிய வேற வயலுக்கு ஒத்துக்கிருவாக." ராக்கம்மா, நடவுக்கு வரும் பெண்களின் தலைவி. செல்வி சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்றங்காலுக்கு இருபத்தெட்டு நாளும் தண்ணீர் பாய்ச்சியவள் அவள்தான்.

ரசத்தோடு எழுந்துவிட்டேன். பம்ப் தேய்ந்தது என்பது என் ஊகம். ஊகத்தைச் சோதிக்காமல் விடுவது எப்போதிருந்து முறையானது? சூடுதான் காரணம் என்றால், வீட்டிலேயே சூடாக்கினாலும் லிஃப்ட் பாதியில் நிற்க வேண்டும். அவ்வளவுதானே?

தொழுவத்தின் பக்கம் வண்டியை ஓடவிட்டு, ரொட்டவேட்டரை ஏற்றி இறக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம். மாடு முதலில் மிரண்டது, பிறகு எங்களைச் சட்டை செய்யவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன கணேசா, வண்டிக்கு எக்சசைஸா?"

"அத்தான் வந்திருக்காக" என்றான் கணேசன். அதுவே போதுமான விளக்கமாக எல்லோருக்கும் பட்டது.

ஒரு மணி நேரம் கழித்து எண்ணெய்ப் பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. அப்படிக் கொதித்தது. ரொட்டவேட்டரோ அப்போதும் கடைசி வரை ஏறியது. என் ஊகம் செத்தது. பம்ப் பிழைத்தது.

சந்தோஷப்படவும் முடியவில்லை. மணி மூன்று. வீட்டில் ஏறுவது வயலில் ஏன் ஏறவில்லை? பாரம் அதே பாரம். ஓட்டுபவன் அதே ஆள். சூடும் இல்லை என்றாகிவிட்டது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டயருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டைரியில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

செல்வி டீ கொண்டு வந்தாள். வாங்கி, பக்கத்தில் இருந்த மட்கார்டின் மேல் வைத்தேன்.

"அண்ணே, அதுல வைக்காதீக, ஓடிரும்!"

அவள் சொல்லி முடிக்கும் முன் டம்ளர் முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் என் மடியில் விழுந்தது. கணேசன் சிரித்த சிரிப்பில் மாடு மறுபடியும் திரும்பிப் பார்த்தது.

"பேட்டரி எறங்குனதுலருந்து இந்தச் சரிவுலதானண்ணே நிப்பாட்டுறாக" என்றாள் செல்வி, துண்டை நீட்டியபடி. "உருட்டி விட்டாத்தான ஸ்டார்ட் ஆகுது."

வேட்டி நனைந்தபடி எழுந்து நின்று பார்த்தேன். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட ஒரு முழம் பள்ளத்தில் இருந்தன. காலையிலிருந்து அந்த வண்டியை இருபது தடவை சுற்றி வந்திருக்கிறேன்.

'டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும்' — இது நான் நடத்திய பாடத்தின் முதல் வரி. 'சமதளத்தில்' என்ற சொல்லை எழுதாத மாணவர்களுக்கெல்லாம் அரை மார்க் குறைத்திருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால்… படிக்க வேண்டாம். வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

விஷயம் இதுதான். வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது. இருக்கிற கொஞ்ச எண்ணெய் முழுவதும் முன்பக்கம் ஓடி வந்துவிடுகிறது. ஸ்டிக் இருப்பதும் முன்பக்கம், பம்ப் உறிஞ்சும் வாய் இருப்பதும் முன்பக்கம். அதனால் ஸ்டிக்கில் கோடு வரை எண்ணெய் தெரிகிறது, லிஃப்டும் முழுசாக ஏறுகிறது. சமமான வயலுக்குப் போனதும் எண்ணெய் பரவிவிடுகிறது. பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அந்த ஙொய்ய்ய் சத்தம் வேறென்ன?

வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்து, தெருமுனையில் உள்ள சிமெண்ட் களத்துக்குக் கொண்டுபோனோம். கைகளை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிஷம் காத்திருந்தேன். கணேசன் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஸ்டிக்கை உருவினேன். நுனியில் மட்டும், மை தொட்ட மாதிரி, ஒரு சொட்டு.

"கசிவே இல்லையே. எண்ணெய் எங்க போச்சு?"

கணேசன் மேற்கே மலையைப் பார்த்தான். "கரம்பை அடிச்சேன் அத்தான்… மழைக்கு முந்தி."

கண்மாய் வற்றிக் கிடந்தபோது வண்டல் மண் அள்ளியிருக்கிறான். அதற்கு டிப்பர் வேண்டும். இவனிடம் டிப்பர் இல்லை. இரவல். டிப்பரின் தொட்டியைத் தூக்குவது டிராக்டரின் எண்ணெய்தான். குழாய் வழியே அங்கே போய்விட்டு, தொட்டி முழுசாக இறங்கியதும் திரும்பி வரும்.

"தொட்டிய முழுசா எறக்கிட்டுத்தான் குழாயக் கழட்டுனியா?"

"அடுத்த ஆளு நின்னுக்கிட்டே இருப்பான் அத்தான். முக்கால்வாசி எறங்குனதும்…"

"எத்தனை டிப்பர்?"

"மூணு."

"அப்ப உன் எண்ணெய் மூணு வீட்ல இருக்கு."

"நான் ஒரு கரண்டி நல்லெண்ணெய் கூட ஊத்துனா ஏன்னு கேப்பாரு, அண்ணே" என்றாள் செல்வி. "ஊருக்கு அம்புட்டையும் தாரை வாத்திருக்காரு."

மணி மூன்று ஐம்பது. புது எண்ணெய் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். ராக்கம்மாவுக்குப் பத்து நிமிஷத்தில் பதில் சொல்ல வேண்டும். செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

எண்ணெய் ஊற்றாமல், வயலில் ஏற்றிப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்லலாமா? கூடாது. முறையே இல்லை. ஏற்கனவே அன்று ஒரு தடவை, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று நம்பித்தான் பம்பைப் பலி கொடுக்க இருந்தேன். இப்போதும் தப்பினால் போவது என் அரை மார்க் இல்லை, அவளுடைய நாற்று.

"வரச் சொல்லும்மா" என்றேன்.

கணேசன் பைக்கில் பறந்தான். எந்த ரக எண்ணெய், எத்தனை லிட்டர் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவன் வருவதற்குள் வடிகட்டியைக் கழற்றி டீசலில் கழுவி வைத்தேன். ஐந்து மணிக்கு எண்ணெய் வந்தது. கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, ஸ்டிக் பார்த்து, மறுபடி ஊற்றி… "ஒரேடியாக் கவுத்துருவோமே அத்தான்" என்றான். "செத்த நேரம் சும்மா இரு மாப்ளே" என்றேன். இந்த ஒரு விஷயத்திலாவது அன்றைக்கு நான் சொன்னபடி நடந்தது.

இரவல் பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து, வெளிச்சம் இருக்கும்போதே வயலில் இறக்கினான். ஒரு சுற்று. முனைக்கு வந்ததும் லீவரை இழுத்தான். ரொட்டவேட்டர் சேற்றைச் சொட்டிக்கொண்டு எழுந்தது. பாதி… முக்கால்… கடைசி. சத்தமே இல்லை. கணேசன் திரும்பி எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். கேலியா, நிஜமா தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை முழுக்க உழுதான். பேட்டரியை எப்போது மாற்றுவாய் என்று கேட்டேன். "அறுப்பு முடியட்டும்" என்றான்.

கணேசனைச் சொல்லிப் பயனில்லை. நாம் எல்லோரும் நமக்கு வசதியான சரிவில் நின்றுகொண்டுதானே அளவு பார்க்கிறோம்? மாப்பிள்ளையின் சம்பளத்தை, மருமகளின் சமையலை, அடுத்த வீட்டுக்காரரின் குணத்தை… ஸ்டிக்கில் கோடு வரை தெரிகிறதே என்று சத்தியம் வேறு செய்கிறோம். ஸ்டிக் பொய் சொல்லவில்லை. நிற்கிற தரையை யார் பார்த்தது?

வியாழக்கிழமை விடிந்ததும் மம்சாபுரத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். பதினாலு பேர். செல்வி முதல் நாற்று முடியை எடுத்துக் கொடுத்தாள். வரிசையாகக் குனிந்தார்கள். தண்ணீர் மட்டமாக நிற்கிறதா, எங்காவது மேடு தட்டுகிறதா என்று நான் வரப்பில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை போனபோது ராக்கம்மா நிமிர்ந்தார்.

"அய்யா, நாத்துக்கட்டு தூக்கிட்டு வாற பாதை இது. ஒண்ணு, வேட்டிய மடிச்சுக்கட்டி எறங்குங்க. இல்ல, ரோட்டுக்குப் போங்க."

ரோட்டுக்குப் போய்விட்டேன்.